கணக்கு ஊருக்கு வரட்டும்!

தொண்டு நிறுவனங்களின் வரவு செலவு சென்னைக்குப் போகிறது, டெல்லிக்குப் போகிறது. யார் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டினார்களோ, அந்த ஊருக்கு மட்டும் வருவதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை வட்டாரத்திலிருந்து எழும் கேள்வி இது.

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். ஒரு பக்கம் கறிச்சோறு பரிமாறிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஓர் ஊர்ப் பெயர் எழுதிய அட்டை, ஒரு நோட்டு, எழுதுவதற்கு ஒருவர், பணத்தை எண்ணி வாங்க இன்னொருவர். மொய் செய்பவர் ஊரையும் பெயரையும் சொல்வார். எண்ணுகிறவர் தொகையைச் சத்தமாகச் சொல்வார். எழுதுகிறவர் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு எழுதுவார். பின்னால் நிற்கும் நாலு பேர் காதிலும் அது விழும். யாரும் கூச்சப்படுவதில்லை.

இது தர்மம் இல்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டிய, வட்டியில்லாத கொடுக்கல் வாங்கல். ஆனால் தொகைகள் சின்னவையும் இல்லை. 2019 ஜூலையில் வடகாட்டில் ஒரு விவசாயியின் மொய் விருந்தில் 4 கோடி ரூபாய் அளவுக்கு வசூலானது நாடு முழுக்கச் செய்தியானது. இத்தனை பணம் பத்திரமில்லாமல், ஜாமீன் இல்லாமல் கைமாறுகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த நோட்டு. யார், எந்த ஊர், பழைய மொய் எவ்வளவு, இப்போது கூட்டிப் போட்டது எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். சில பந்தல்களில் இப்போது கம்ப்யூட்டர் வந்து, அச்சடித்த ரசீதே கொடுக்கிறார்கள்.

இதே வட்டாரத்தில்தான் மொய்யைப் பொதுக் காரியத்துக்கும் திருப்பினார்கள். வம்பன் நால்ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் கொரோனா காலத்திலும், வயநாடு நிலச்சரிவின்போதும் தேநீர் மொய் விருந்து நடத்தி நிவாரணத்துக்குப் பணம் சேர்த்தார். டீ குடித்தவர்கள் விரும்பியதைப் போட்டார்கள். எவ்வளவு சேர்ந்தது, எங்கே போகிறது என்பது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

இந்த ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கை வைத்தால் எப்படி இருக்கும்?

*

புயல் வந்தது, பணமும் வந்தது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்து அடித்தது. தென்னை, பலா, முந்திரி, வாழை என்று பல வருட உழைப்பு ஒரே ராத்திரியில் சாய்ந்தது. மின்கம்பங்கள் விழுந்து, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த கிராமங்கள் உண்டு. அப்போது உதவி வந்த வேகத்தை மறுக்க முடியாது. லாரி லாரியாக அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, போர்வை. பிறகு தென்னங்கன்றுகள், வீடுகள், குளம் தூர்வாரும் பணிகள். சென்னை ஐடி ஊழியர்களிலிருந்து சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் உழைக்கும் இந்த மாவட்டத்து ஆட்கள்வரை பணம் அனுப்பினார்கள்.

நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால், ‘எங்கள் ஊர் பேரைச் சொல்லி எவ்வளவு வந்தது? எங்கள் ஊரில் எவ்வளவு செலவானது?’ என்று ஒரு கிராமத்தான் கேட்டால், போய்ப் பார்க்க ஓர் இடமில்லை.

ஊர்க் கோயில் திருவிழாவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். திருவிழா முடிந்த கையோடு ஊர்க் கூட்டம். பந்தல்காரருக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, கரகாட்டத்துக்கு எவ்வளவு என்று வாசிப்பார்கள். ‘போன வருசம் மைக்செட்டுக்கு இவ்வளவு ஆகலையே’ என்று ஒரு குரல் எழும்பும். சண்டைகூட வரும். ஆனாலும் கணக்கு வாசிக்காமல் அடுத்த வருடம் வரி கேட்டு யார் வீட்டுப் படியும் ஏற முடியாது.

கல்லில் வெட்டிய ஒப்பந்தம்

கணக்கைப் பொதுவில் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த மாவட்டம் இது. புதுக்கோட்டை சமஸ்தானமே தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டு வாசகங்களைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டது. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்த செய்தி சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு. எண்ணிக்கை குறையாமல் மந்தையைக் காக்க வேண்டும் என்பதால் அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இன்றைக்கு அறக்கட்டளைகள் வைத்திருக்கும் மூலதன நிதி அதுதான்.

அந்தக் கல்வெட்டில் என்னென்ன இருக்கும்? கொடுத்தவர் யார், எதற்காக, எத்தனை ஆடு, பொறுப்பேற்ற இடையர் யார், நாளொன்றுக்கு அளக்க வேண்டிய நெய் எவ்வளவு, இதைக் கண்காணிப்பவர் யார். ஓர் உழக்கு நெய் குறைந்தால் யாரைக் கேட்பது என்பதைக் கோயிலுக்கு வருகிற எவரும் சுவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அல்லது படிக்கத் தெரிந்தவரைக் கேட்கலாம். கொடுத்தவர் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடும் இன்றைய பளிங்குக் கல்வெட்டைவிட அதில் விவரம் அதிகம்.

கணக்கு போகும் திசை

‘தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கே கிடையாது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது நியாயமில்லை. ஒழுங்காக நடக்கும் ஓர் அமைப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால், வேலையில் பாதி கணக்கு வேலைதான் என்று தோன்றிவிடும்.

சங்கமாகப் பதிவு செய்திருந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வரிவிலக்கு வேண்டுமென்றால் ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், ஆடிட்டர் அறிக்கை வேண்டும். 80ஜி என்று எல்லாருக்கும் பழகிப்போன வரிச்சலுகைக்கு, நன்கொடையாளர் ஒவ்வொருவரின் விவரத்தையும் வருமான வரித்துறைக்கு அனுப்பும் முறை 2021-22 நிதியாண்டு முதல் வந்துவிட்டது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகையும் கிடையாது.

வெளிநாட்டுப் பணம் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். வல்லத்திராக்கோட்டையில் ஒரு குழந்தைக்குச் சத்துணவு கொடுக்கிற பணமானாலும் டெல்லி வழியாகத்தான் வரும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியைப் பெற்று, கிராமத்துச் சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்குத் தனி விதிகள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அதைப் பெறும் அமைப்புகள் கம்பெனி கேட்கும் வடிவத்தில் கணக்கு கொடுக்க வேண்டும்.

ஆக, கணக்கு இருக்கிறது. பதிவாளருக்கு ஒன்று, வரித்துறைக்கு ஒன்று, உள்துறைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. எல்லாம் மேல்நோக்கிப் போகிறது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளின் ஆண்டறிக்கைகளை ஒரு காலத்தில் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 2022 ஜூலையில் அவையும் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. கட்டுப்பாடு கூடக்கூட வெளிச்சமும் கூடும் என்று நினைத்தால், நடந்தது நேர்மாறு.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015இல் மத்தியப் புலனாய்வுத் துறை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த விவரப்படி, நாட்டில் பதிவான தன்னார்வ அமைப்புகள் சுமார் 31 லட்சம். பதிவாளரிடம் முறையாகக் கணக்கு கொடுத்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. லெட்டர்பேடு மட்டுமே வைத்திருக்கும் அமைப்புகள் இதில் எத்தனை என்பது வேறு விஷயம். கணக்கு கொடுக்காதவனைச் சட்டம் தேடிப் பிடிப்பதில்லை, கொடுக்கிறவனைத்தான் மேலும் மேலும் கேட்கிறது என்ற புலம்பலில் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

நூற்றுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது?

நன்கொடை கொடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. ‘நான் 100 ரூபாய் கொடுத்தால் எத்தனை ரூபாய் ஏழைக்குப் போகும்?’ கேள்வி நியாயம்போலத் தெரியும். ஆனால் இந்த ஒற்றைக் கேள்வியே பல அமைப்புகளைப் பொய்க்கணக்கு எழுதவைக்கிறது.

ஒரு குளத்தைத் தூர்வாருகிற அமைப்புக்குக் கணக்கர் வேண்டும், அளவெடுக்கப் பொறியாளர் வேண்டும், வேலை முடிந்து இரண்டு வருடம் கழித்து வந்து தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க ஆளும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். இதற்கெல்லாம் பணம் தரமாட்டேன், ஜேசிபி வாடகைக்கு மட்டும்தான் தருவேன் என்று நன்கொடையாளர் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். கணக்கர் சம்பளம் ஜேசிபி வாடகையாக மாறி வவுச்சரில் ஏறும். அல்லது கணக்கரே இல்லாமல் வேலை நடக்கும். முதலாவது பொய், இரண்டாவது ஆபத்து. அமெரிக்காவில் 2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூகப் புத்தாக்க இதழில் வந்த ஒரு கட்டுரை இதைப் ‘பட்டினிச் சுழற்சி’ என்றே சொன்னது. நன்கொடையாளர் குறைத்துக் கேட்கிறார், அமைப்பு குறைத்துக் காட்டுகிறது, அதைப் பார்த்து அடுத்தவர் இன்னும் குறைத்துக் கேட்கிறார்.

சிக்கனம் என்றால் என்ன என்பதற்கு மதுரையில் ஒரு பதில் இருக்கிறது. 1976இல் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டுகிறவர்களிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவை சிகிச்சை செய்கிற லாப நோக்கமற்ற அமைப்பு. அங்கே செலவு குறைந்தது நிர்வாகத்தை ஒடுக்கியதால் இல்லை, நிர்வாகத்தில் முதலீடு செய்ததால். மருத்துவருக்குப் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். ஒன்றை முடித்து மறுபக்கம் திரும்பினால் போதும், டாக்டரின் நேரம் வீணாவதில்லை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மருத்துவர் அல்லாதவர் செய்யக்கூடிய வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை ஆரம்பித்து, அதே லென்ஸைப் பல மடங்கு குறைந்த விலைக்குத் தயாரித்தார்கள்.

‘நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்’ என்ற கேள்வியை வைத்து இதை அளந்திருக்கவே முடியாது. ‘ஒரு கண்ணுக்குப் பார்வை வர எவ்வளவு செலவு’ என்று கேட்டால்தான் தெரியும். குளத்துக்கும் அப்படித்தான். ஒரு குளம் நிறைய எவ்வளவு செலவானது, அடுத்த மழையிலும் நிறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஆடிட்டர் பார்க்காதது

குளத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஜேசிபி இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு வாடகை, டிப்பரில் இத்தனை நடை மண், டீசல், ஓட்டுநர் பேட்டா. பில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறது, பணம் வங்கி வழியாகப் போயிருக்கிறது. ஆடிட்டர் பார்ப்பார், கூட்டல் சரி, கையெழுத்துப் போட்டுவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் குளத்துக்கரை வீட்டுக்காரருக்குத் தெரியும், வண்டி எத்தனை நாள் நின்றது என்று. மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும், எந்த மூலையில் வெட்டவே இல்லை என்று. மண் எந்தத் தோட்டத்துக்குப் போனது, அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்களா என்பது டீக்கடையில் பேசப்பட்டு முடிந்த விஷயமாக இருக்கும். அந்த வவுச்சரை இவர்கள் முன்னால் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளியே வந்துவிடும்.

ராஜஸ்தானில் இதைச் செய்துகாட்டினார்கள். அங்கே பணியாற்றும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி வழங்கியதாக எழுதியிருந்தது ஒவ்வொன்றாக அம்பலமானது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்களின் முழக்கம். அந்தப் பொறிதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. அதே ஆண்டில் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலும் கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கை இடம்பெற்றது.

அதாவது, அரசுப் பணத்தை ஊர் முன்னால் வாசிக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. கிராம சபைக் கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவை வைக்கிறார்கள். தொண்டு நிறுவனப் பணத்துக்கு மட்டும் இந்த வழக்கம் வரவில்லை. அரசு நிதியில் கணிசமாக இயங்கும் தன்னார்வ அமைப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தனியார் நன்கொடையில் மட்டும் இயங்குபவை அதற்கு வெளியேதான் நிற்கின்றன.

சுனாமிக்குப் பிறகும் இதே பாடம் கிடைத்தது. 2004 டிசம்பருக்குப் பின் உலகெங்கும் திரண்ட உதவியை மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டமைப்பு 2006இல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் என்ற அளவுக்குப் பணம் வந்திருந்தது. 2004ஆம் ஆண்டு வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு வெறும் 3 டாலர். பணத்துக்குப் பஞ்சமில்லாத அந்த நேரத்திலும் அமைப்புகள் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்வதில் காட்டிய அக்கறையைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்வதில் காட்டவில்லை என்பது அறிக்கையின் முக்கியமான குறை. நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் உடுத்தாத பழைய துணி மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி புரியும். என்ன வேண்டும் என்று அந்த மக்களைக் கேட்டிருந்தால் லாரி வாடகையாவது மிஞ்சியிருக்கும்.

‘ஜனங்களுக்குக் கணக்குப் புரியாது’

கிராமத்தில் கணக்கை வைக்கச் சொன்னால் அமைப்புகள் சொல்லும் முதல் பதில் இதுதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தப் பதில் செல்லாது.

1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிகளில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். எத்தனை லோடு, லோடு என்ன விலை, குத்தகைக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று அவர்களே எழுதினார்கள்.

பிறகு மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன. தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக். கூட்டம் முடியும் முன் கையிருப்பைச் சொல்லியாக வேண்டும். ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்புதல், கணக்கு முறையாக எழுதுதல் என்ற ‘பஞ்ச சூத்திரம்’ குழுவில் இருக்கிற எந்தப் பெண்ணுக்கும் அத்துப்படி. இவர்களுக்கா ஒரு பக்க வரவு செலவு புரியாது?

சில தயக்கங்கள் நியாயமானவை. உதவி பெற்றவர்களின் பெயரை ஊர் நடுவே வாசித்தால் அவர்களுக்குத் தலைகுனிவு. நோய்க்கோ குடும்ப வன்முறைக்கோ உதவி பெற்றவர்கள் என்றால் அது ஆபத்தும்கூட. எனவே பெயர் வேண்டாம், எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு என்று சொன்னால் போதும். தன்னை வெளிக்காட்ட விரும்பாத நன்கொடையாளரின் பெயரும் வேண்டாம். தொகை சொன்னால் போதும். உள்ளூர் அரசியல்வாதி கணக்கைப் பிடித்துக்கொண்டு மிரட்டுவார் என்ற பயமும் உண்டு. உண்மைதான், மிரட்டுவார். ஆனால் கணக்கு ஊருக்கே தெரிந்திருந்தால் மிரட்டலுக்குக் கிடைக்கும் பிடி தளர்கிறது. ஒளித்து வைத்ததை வைத்துத்தான் ஒருவரைப் பயமுறுத்த முடியும்.

கொடுப்பவரும் கேட்கலாம், பெறுபவரும் கேட்கலாம்

● இந்த ஊர் பெயரைச் சொல்லி எவ்வளவு திரட்டினீர்கள்? இந்த ஊரில் எவ்வளவு செலவழித்தீர்கள்? மிச்சம் எங்கே இருக்கிறது?

● ஒரு வீட்டுக்கு, ஒரு குளத்துக்கு, ஒரு குழந்தையின் படிப்புக்கு என்ன செலவானது?

● சம்பளம், வாடகை, பயணம் எவ்வளவு? குறைவாக இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்?

● பொருள் வாங்கிய கடையோ, வேலை எடுத்த ஒப்பந்தக்காரரோ நிர்வாகிகளுக்கு உறவா?

● நிர்வாகக் குழு கடைசியாக எப்போது கூடியது? ஒரே குடும்பத்தார் எத்தனை பேர்?

● போன வருடம் செய்ததில் எது பலனளிக்கவில்லை?

கடைசிக் கேள்விக்கு ‘எல்லாமே வெற்றி’ என்று பதில் வந்தால், அந்த அமைப்பிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பது நல்லது.

ஒரே ஒரு பக்கம்

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். சட்டம் வந்தால் இன்னொரு படிவம் வரும், அதுவும் டெல்லிக்குத்தான் போகும். வல்லத்திராக்கோட்டையிலோ வடகாட்டிலோ வேலை செய்கிற அமைப்பு, வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று பத்தியாக எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டலாம். கிராம சபை கூடுகிற நாளில் அதை வாசித்துவிட்டு, கேள்வி கேட்கிறவருக்குப் பதில் சொல்லலாம். பத்து ரூபாய் ஜெராக்ஸ் செலவு. அதை நிர்வாகச் செலவில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நேர்மையான அமைப்புகளுக்கு இதனால் நஷ்டமில்லை. சொல்லப்போனால் லாபம் அவர்களுக்குத்தான். சந்தேகத்தின் பேரில் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் காலத்தில், கணக்கைத் தானாகக் கொண்டுவந்து ஊர் முன் வைப்பவரை ஊரே தாங்கிப் பேசும். நன்கொடையாளர்களும் ஒரு காரியம் செய்யலாம். ஆடிட்டர் அறிக்கையோடு, ஊரில் கணக்கு வாசித்த கூட்டத்தின் தீர்மான நகலையும் கேட்டு வாங்கட்டும். நகல் இல்லையென்றால் அடுத்த தவணையை நிறுத்தி வைக்கட்டும். மேலே இருந்து வரும் இந்த ஒரு கேள்வி, கணக்கு போகும் திசையைத் திருப்பிவிடும்.